நிரல்வழித் திரட்டப்படும் இணையத் தரவுகளைச் சேமித்தல்: மூலப்படியும் வழிப்படியும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் மொழி, இலக்கியம், சமூகம் குறித்த ஆய்வுகள் பலவற்றில் இணையப் பக்கங்களும் முதன்மைத் தரவாக இடம்பெறுகின்றன. அப்பக்கங்களை நிரலின் துணைகொண்டு தானியக்கமாகத் திரட்டும் முறை வெப் ஸ்கிரேப்பிங் எனப்படுகிறது. இவ்வாறு திரட்டப்படும் தரவை எந்த வடிவில், எந்த ஒழுங்கில் சேமிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பக்கம் வந்த வடிவிலேயே அதனை முதலில் சேமித்து, பிரித்தெடுத்த அட்டவணையை அதன் வழிப்படியாகக் கொள்ளும் முறையே ஆய்வு முடிவுகளைப் பின்னர் சரிபார்க்க இடமளிக்கும் என்பது கட்டுரையின் மையக் கருத்தாகும். தமிழ்க் குறியேற்ற வேறுபாடுகள், ஒருங்குறி இயல்பாக்கம், விரிதாளின் வரம்புகள், சட்டமும் ஆய்வு அறமும் ஆகியன இக்கருத்தின் அடிப்படையில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இணையத் தரவு, நிரல்வழித் திரட்டல், குறியேற்றம், ஒருங்குறி, மூலப்படி, தரவுப் பாதுகாப்பு.

முன்னுரை

அச்சு நூலை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் பதிப்பாண்டையும் பக்க எண்ணையும் தருகிறார். ஐயம் எழும்போது அந்நூலை நூலகத்தில் எடுத்துப் பார்க்கலாம். இணையப் பக்கத்திற்கு இந்த உறுதி இல்லை. இன்று படித்த பக்கம் நாளை திருத்தப்படலாம், இடம் மாறலாம், அழிக்கப்படலாம். 2009ஆம் ஆண்டு அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை அமெரிக்காவில் நிறுத்தியபோது தனிநபர்கள் உருவாக்கியிருந்த இலட்சக்கணக்கான பக்கங்கள் அவற்றின் முகவரிகளிலிருந்து மறைந்தன. முன்கூட்டியே படியெடுத்து வைக்கப்பட்ட பகுதிகள் மட்டுமே இன்று கிடைக்கின்றன. 1996இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் பெருமளவிலான பக்கங்களைப் பாதுகாத்து வருகிறது என்றாலும், ஓர் ஆய்வாளருக்குத் தேவையான பக்கம் தேவையான நாளில் அங்குப் பதிவாகியிருக்கும் என்று நம்பியிருக்க இயலாது.

எனவே, இணையத் தரவைக் கொண்டு ஆய்வு செய்பவர் தம் சான்றுகளின் நூலகராகவும் இருக்க வேண்டியவராகிறார். ஆய்வேடு பல்கலைக்கழகம் வழியாகச் சோத்கங்கா களஞ்சியத்தைச் சென்றடைந்து நெடுங்காலம் நிலைக்கும்; அதற்கு அடிப்படையான தரவு ஒரு மடிக்கணினியோடு முடிந்துபோனால், ஆய்வேட்டின் அட்டவணைகளை எவராலும் மீண்டும் சரிபார்க்க முடியாது.

மூலப்படியும் வழிப்படியும்

நிரல்வழித் திரட்டலில் இரு செயல்கள் அடங்கியுள்ளன. முதலாவது, குறிப்பிட்ட முகவரிக்குக் கோரிக்கை அனுப்பி, அங்கிருந்து வரும் எச்டிஎம்எல் பக்கத்தைப் பெறுதல். இரண்டாவது, அப்பக்கத்திலிருந்து தலைப்பு, ஆசிரியர், நாள், உரை போன்ற கூறுகளைப் பிரித்தெடுத்தல். பயிற்சிக்காக எழுதப்படும் எளிய நிரல்கள் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் செய்து, பிரித்தெடுத்த கூறுகளை மட்டும் அட்டவணையில் எழுதிவிட்டுப் பக்கத்தைக் கைவிடுகின்றன. சேமிப்பின் பெரும்பாலான குறைகள் இந்த இடத்தில்தான் தோன்றுகின்றன.

பிரித்தெடுத்தல் என்பது ஆய்வாளரின் முடிவுகளால் ஆன செயல். பக்கத்தின் எப்பகுதி உரை, எது விளம்பரம், அடிக்குறிப்பைச் சேர்ப்பதா, படத்தின் கீழுள்ள விளக்கத்தை விடுவதா என ஒவ்வொன்றையும் நிரலை எழுதியவர் தீர்மானிக்கிறார். அத்தீர்மானங்களுள் ஒன்று தவறு எனப் பின்னர் தெரியவரும்போது, மூலப் பக்கம் கையில் இருந்தால் நிரலைத் திருத்தி மீண்டும் பிரித்தெடுக்கலாம். இல்லையெனில் மீண்டும் இணையத்திற்குச் செல்ல வேண்டும். அதற்குள் பக்கம் மாறியிருக்கலாம்.

சுவடிப் பதிப்பு மரபை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. சுவடி மூலச் சான்று. பதிப்பு அதனைப் படித்தவர் செய்த தேர்வு. உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களைக் குறித்துச் சென்றமையால்தான், அவர்கள் ஏற்ற பாடத்தைப் பின்வந்தோர் மறுபரிசீலனை செய்ய முடிகிறது. நிரல் பெற்ற பக்கம் சுவடிக்கும், பிரித்தெடுத்த அட்டவணை பதிப்புக்கும் நிகரானவை. முன்னதை மூலப்படி என்றும் பின்னதை வழிப்படி என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது.

மூலப்படியோடு சேமிக்க வேண்டியவை

பக்கத்தின் உள்ளடக்கத்தை மட்டும் ஒரு கோப்பாக வைப்பது போதுமானதன்று. அது எங்கிருந்து, எப்போது, எவ்வாறு பெறப்பட்டது என்ற குறிப்புகளும் உடன் இருத்தல் வேண்டும். அவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. கோரிய முகவரியும், வேறு முகவரிக்குத் திருப்பப்பட்டிருப்பின் இறுதியாகச் சென்றடைந்த முகவரியும்.

2. பெறப்பட்ட நாளும் நேரமும். இதனை உலகப் பொது நேரத்தில் எழுதுவது நன்று. இந்திய, இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முற்பட்டது. சென்னையில் சனவரி 1 அதிகாலை 2 மணிக்குப் பெற்ற பக்கம், பொது நேரப்படி முந்தைய ஆண்டின் டிசம்பர் 31 இரவு 8.30க்கு உரியது. நேர மண்டலத்தைக் குறிக்காவிடில் ஆண்டுவாரி எண்ணிக்கையே பிழைபடக்கூடும்.

3. சேவையகம் தந்த நிலை எண். 200 என்பது பக்கம் கிடைத்ததையும், 404 என்பது பக்கம் இல்லாமையையும், 429 என்பது கோரிக்கைகள் மிகுந்தமையால் மறுக்கப்பட்டதையும் உணர்த்தும். கிடைக்காத பக்கங்களையும் பதிவு செய்தால்தான், தரவில் உள்ள இடைவெளி இணையத்தினுடையதா நிரலினுடையதா எனப் பிரித்தறிய இயலும்.

4. சேவையகம் அனுப்பிய தலைப்புக் குறிப்புகள். குறிப்பாக, உள்ளடக்க வகையையும் குறியேற்றத்தையும் அறிவிக்கும் வரி.

5. திரட்டிய நிரலின் பெயரும் பதிப்பெண்ணும்.

இவை அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்குவதற்கென உருவாக்கப்பட்ட வடிவமே வார்க் ஆகும். இன்டர்நெட் ஆர்க்கைவ் முன்னர்ப் பயன்படுத்திய ஆர்க் வடிவத்திலிருந்து வளர்ந்த இது, 2009இல் ஐஎஸ்ஓ 28500 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டு, 2017இல் திருத்தப்பட்டது. தேசிய நூலகங்கள் பலவும் இணையப் பக்கங்களை இவ்வடிவில் சேமிக்கின்றன. கட்டணமின்றிக் கிடைக்கும் டபிள்யூகெட் நிரல் 2012இல் வெளியான 1.14ஆம் பதிப்பு முதல் இவ்வடிவில் எழுதும் வசதியைக் கொண்டுள்ளது.

இடப்பற்றாக்குறை மூலப்படியைக் கைவிடுவதற்குப் போதிய காரணம் ஆகாது. சராசரியாக 200 கிலோபைட் அளவுள்ள 5,000 பக்கங்களைத் திரட்டுவதாகக் கொண்டால் மொத்த அளவு ஏறத்தாழ ஒரு கிகாபைட். சுருக்கிச் சேமித்தால் அது மேலும் பெருமளவு குறையும்.

குறியேற்றமும் இழப்பும்

தமிழ்த் தரவில் மூலப்படியின் தேவை இரட்டிப்பாகிறது. ஒருங்குறி பரவலாவதற்கு முன் தமிழ் இணையத்தில் பல குறியேற்றங்கள் வழங்கின. 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் தொடக்கக் காலத்தில் டிஸ்கி குறியேற்றத்தில் நூல்களை வெளியிட்டது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகிய குறியேற்றங்கள் முன்வைக்கப்பட்டன. ஈழத்தவர் வெளியீடுகளில் பாமினி எழுத்துரு பெரிதும் பயன்பட்டது. 2010இல்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. பழைய பக்கங்களைத் திரட்டும் நிரல் இவற்றுள் எதனையும் எதிர்கொள்ளக்கூடும்.

இன்றைய நிரல்கள் வந்த பைட்டுகளை யுடிஎஃப்-8 எனக் கருதி எழுத்துகளாக மாற்ற முற்படுகின்றன. டிஸ்கி குறியேற்றத்தில் 0 முதல் 127 வரையிலான இடங்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் உரியவை. தமிழ் எழுத்துகள் அதற்கு மேற்பட்ட இடங்களில் உள்ளன. அத்தகைய பக்கத்தை யுடிஎஃப்-8 ஆகப் படிக்கும்போது பிழை தோன்றும். அப்பிழையைப் புறக்கணிக்குமாறு நிரலுக்குக் கட்டளையிட்டிருந்தால், தமிழ் எழுத்துகள் ஏறத்தாழ முற்றிலும் நீங்கி, ஆங்கிலச் சொற்களும் எண்களும் மட்டும் எஞ்சும். நிரல் எவ்வித எச்சரிக்கையும் இன்றி வெற்றிகரமாக முடியும். இழப்பு மட்டும் நிலையானது. பைட்டுகளை மாற்றாமல் அப்படியே முதலில் சேமித்திருந்தால் இவ்விழப்பு நேராது.

பாமினியின் சிக்கல் வேறு வகையானது. அது ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்துள்ளது. ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வெவ்வேறு தமிழ் எழுத்துகளைக் குறிக்கின்றன. காட்டாக, எஃப் என்னும் ஆங்கில எழுத்தின் சிற்றெழுத்து வடிவம் ககரத்தையும், பேரெழுத்து வடிவம் குகரத்தையும் தரும். உரையைத் தூய்மைசெய்யும் நிரல்கள் வழக்கமாக எல்லா எழுத்துகளையும் சிற்றெழுத்தாக்குகின்றன. பாமினி உரையில் அவ்வாறு செய்தால் கவும் குவும் ஒன்றாகிவிடும். அவற்றை மீண்டும் பிரிக்க வழியில்லை. மேலும், உரை பாமினியில் அமைந்தது என்பதற்கான சான்று, பல வேளைகளில் எச்டிஎம்எல் குறிச்சொல்லில் இடம்பெறும் எழுத்துருவின் பெயர் மட்டுமே. குறிச்சொற்களை நீக்கி உரையை மட்டும் சேமிக்கும்போது அச்சான்றும் உடன் நீங்கிவிடுகிறது.

ஒருங்குறியிலும் இருவகை எழுத்துமுறை

ஒருங்குறியில் அமைந்த பக்கங்களிலும் கவனம் தேவைப்படுகிறது. ஒகர உயிர்க்குறியான 'ொ' என்பதை 3018 என்னும் ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். 3014, 3006 என்னும் இரு குறியெண்களை அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் 'கொடி' என்னும் சொல் முதல் முறையில் நான்கு குறியெண்களையும், இரண்டாம் முறையில் ஐந்து குறியெண்களையும் கொண்டிருக்கும். நேரடியாக ஒப்பிடும் நிரல் இவற்றை இரு வேறு சொற்களாக எண்ணும். சொல்வருகை எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட ஆய்வில் இது முடிவையே மாற்றக்கூடியது. ஒருங்குறிச் சேர்த்தியம் வரையறுத்துள்ள இயல்பாக்க முறைகளுள் ஒன்றைப் பயன்படுத்தினால் இவ்வேறுபாடு நீங்கும்.

எல்லா வேறுபாடுகளும் இயல்பாக்கத்தால் நீங்குவதில்லை. 'மௌனம்' என்பதை 'மெளனம்' என, எகரக் குறியையும் ளகர எழுத்தையும் கொண்டு தட்டச்சு செய்யும் வழக்கம் உண்டு. இயல்பாக்கம் இதனைத் திருத்தாது. 'ெ' குறியை அடுத்து ளகரம் வருமிடமெல்லாம் ஔகாரமாக மாற்றுமாறு நிரல் எழுதினால் 'தெளிவு' போன்ற சொற்கள் சிதையும். 'ஸ்ரீ', 'ஶ்ரீ' என்னும் இருவகைக் குறியெண் வரிசைகளும் இயல்பாக்கத்திற்கு உட்படாதவை. சொற்பட்டியலின் துணையோடு ஆய்வாளரே முடிவு செய்ய வேண்டிய இடங்கள் இவை. ஆகவே, பக்கத்தில் உள்ளவாறான உரையை ஒரு பத்தியிலும், திருத்திய உரையை வேறொரு பத்தியிலும் வைப்பது பொருத்தமானது. எழுத்துக்கூட்டலையே ஆராய்பவருக்கு முதல் பத்தியே தரவு. சொல்வருகையை ஆராய்பவருக்கு இரண்டாம் பத்தி பயன்படும்.

வழிப்படிக்குரிய கோப்பு வடிவங்கள்

பிரித்தெடுத்த கூறுகளைச் சேமிக்க மூன்று வடிவங்கள் பெருவழக்கில் உள்ளன.

சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பத்திகளைப் பிரிக்கும் எளிய உரைக்கோப்பு. 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணம் இதன் வடிவத்தை விவரிக்கிறது. உரைக்குள் காற்புள்ளியோ வரிமுறிவோ வருமாயின் அதனை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். கையால் காற்புள்ளி சேர்த்து எழுதும் நிரல்களில் இவ்விதி தவறும்போது ஒரு பத்தியின் செய்தி அடுத்த பத்திக்கு நகர்ந்துவிடும். சிறிய, சீரான அட்டவணைகளுக்கு இவ்வடிவம் ஏற்றது.

ஜேசான் வரிகள் என்னும் வடிவில் ஒரு பக்கத்திற்குரிய செய்திகள் அனைத்தும் ஒரே வரியில் அமையும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஒரு வரி சேர்க்கப்படுவதால், மின்தடையாலோ இணைப்புத் துண்டிப்பாலோ நிரல் இடையில் நின்றாலும் இறுதி வரி மட்டுமே பாதிக்கப்படும். எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்திருந்து இறுதியில் ஒருமுறை எழுதும் நிரல் 4,999ஆம் பக்கத்தில் நின்றால் அனைத்தும் வீணாகும். பைதான் மொழியின் ஜேசான் கூறு, இயல்பிருப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணையும் ஆறு எழுத்துகள் கொண்ட குறியீடாக மாற்றி எழுதும். இதனால் தரவு இழப்பில்லை. எனினும் யுடிஎஃப்-8 வடிவில் மூன்று பைட் கொள்ளும் எழுத்து ஆறு பைட் ஆவதோடு, கோப்பைத் திறந்து படிக்கவும் முடியாமற் போகும். அவ்வசதியை அணைத்துவிட்டு யுடிஎஃப்-8 இல் எழுதுதல் வேண்டும்.

எஸ்கியூலைட் என்பது ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம். 2000ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ள இதனை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுத்தொகுதிகளுக்குப் பரிந்துரைக்கும் சேமிப்பு வடிவங்களுள் ஒன்றாக ஏற்றுள்ளது. முகவரியையும் பெற்ற நேரத்தையும் இணைத்துத் தனித்த திறவாக வரையறுத்தால் ஒரே பதிவு இருமுறை சேராது. அதே வேளையில், ஒரே பக்கத்தின் வெவ்வேறு நாள் வடிவங்கள் தனித்தனியே நிற்கும். பல மாதங்கள் தொடரும் திரட்டலுக்கு இது உகந்தது.

எவ்வடிவைத் தேர்ந்தாலும், வழிப்படியின் ஒவ்வொரு வரியிலும் அதற்குரிய மூலப்படியின் கோப்புப் பெயர் இடம்பெற வேண்டும். அட்டவணையில் உள்ள ஓர் எண்ணிலிருந்து அது பிறந்த பக்கத்திற்குத் திரும்பிச் செல்லும் வழி அதுவே.

விரிதாளின் வரம்புகள்

திரட்டிய தரவை எக்செல் போன்ற விரிதாளில் திறந்து பார்ப்பது இயல்பு. பார்ப்பதற்கு அது பயன்படும். சேமிக்கும் இடமாக அதனைக் கொள்வதில் இடர்கள் உள்ளன.

தொடக்கக் குறி இல்லாத யுடிஎஃப்-8 சிஎஸ்வி கோப்பை எக்செல் நேரடியாகத் திறக்கும்போது, தமிழ் உரை பொருளற்ற மேலை எழுத்துகளின் குவியலாகத் தோன்றுவதுண்டு. அந்நிலையில் கோப்பைச் சேமித்துவிட்டால் சிதைவு நிலைபெற்றுவிடும். இறக்குமதி வசதியின் வழியாகக் குறியேற்றத்தைத் தெரிவு செய்து திறப்பதே பாதுகாப்பானது.

விரிதாள் தானாகவே செய்திகளை மாற்றுவதும் உண்டு. பாடலின் அடிகளைக் குறிக்கும் '3-5' என்பது நாளாக மாறும். '0012' என்னும் பதிவெண் 12 ஆகும். மரபணு ஆய்வில் இச்சிக்கல் பெரிதாக உணரப்பட்டது. மாதப் பெயர்களை ஒத்த மரபணுப் பெயர்கள் நாள்களாக மாறியதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. விரிதாள்களில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்பிழையைக் கொண்டிருந்தது. இறுதியில் 2020இல் மரபணுப் பெயரிடல் குழுவே சில பெயர்களை மாற்ற நேர்ந்தது.

கொள்ளளவும் ஒரு வரம்பு. எக்செலின் பழைய வடிவம் 65,536 வரிகளையும், இன்றைய வடிவம் 10,48,576 வரிகளையும் மட்டுமே கொள்ளும். 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுப் பதிவுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டதற்குப் பழைய வடிவத்தின் இவ்வரம்பே காரணம் எனச் செய்திகள் வெளியாயின. மேலும், ஒரு கட்டத்தில் 32,767 குறியெண்களுக்கு மேல் அடங்கா. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 'தமிழ்' என்னும் சொல்லே ஐந்து குறியெண்களைக் கொள்கிறது. நெடிய சிறுகதை ஒன்று இவ்வரம்பை எளிதில் கடந்துவிடும்.

சரிபார்ப்பும் காப்புப்படியும்

சேமித்த கோப்பு காலப்போக்கில் மாறவில்லை என்பதை உறுதிப்படுத்தச் சரிபார்ப்புக் குறி பயன்படுகிறது. எஸ்எச்ஏ-256 முறை, எவ்வளவு பெரிய கோப்புக்கும் 64 இலக்கங்கள் கொண்ட ஒரு குறியைத் தரும். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் அக்குறி மாறிவிடும். திரட்டல் முடிந்த நாளில் மூலப்படிகளின் குறிகளைப் பட்டியலிட்டு வைத்தால் பின்னர் எப்போது வேண்டுமாயினும் ஒப்பிடலாம். மூலப்படிகளைப் படிக்க மட்டும் இயலும் கோப்புகளாக மாற்றிவிடுவதும் நலம்.

மூன்று படிகள், இரு வகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது காப்புப்படிக்கான பொது விதி. மடிக்கணினியில் ஒன்று, வெளி வன்வட்டில் ஒன்று, துறையின் சேவையகத்திலோ மேகச் சேமிப்பிலோ ஒன்று என வைத்தால் இவ்விதி நிறைவேறும்.

சட்டமும் ஆய்வு அறமும்

சேமிக்க முடிவது அனைத்தும் சேமிக்கத் தக்கது ஆகாது. 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்து, 2022இல் ஆர்எஃப்சி 9309 என்னும் ஆவணமாக வரையறுக்கப்பட்ட ரோபாட்ஸ் கோப்பு, நிரல்கள் எப்பகுதிகளை அணுகலாம் என்பதற்குத் தளத்தார் தரும் அறிவிப்பாகும். திரட்டிய நாளில் அக்கோப்பு எவ்வாறு இருந்தது என்பதையும் உடன் சேமித்தல் வேண்டும். இந்தியாவில் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரியவரின் இசைவின்றிக் கணினி அமைப்பிலிருந்து தரவைப் படியெடுப்பதற்கு இழப்பீட்டுப் பொறுப்பை விதிக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டிற்கு நியாயமான அளவில் இடமளிக்கிறது. அவ்விலக்கு திரட்டிய முழு உரையையும் மறுவெளியீடு செய்யும் உரிமையைத் தானாகவே தந்துவிடாது. எனவே, மூலப்படியைப் பாதுகாப்பதும் அதனைப் பொதுவில் வைப்பதும் தனித்தனியே முடிவு செய்யத்தக்கவை.

2023ஆம் ஆண்டு எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரியவரே பொதுவில் வெளியிட்ட தரவைத் தன் வரம்பிலிருந்து விலக்குகிறது. ஆய்வு நோக்கிற்கும் சில வரையறைகளுடன் விலக்களிக்கிறது. ஆயினும், பெயரும் தொடர்பு விவரமும் ஆய்வு வினாவிற்குத் தேவையற்றவையாயின் வழிப்படியில் அவற்றுக்கு மாற்றுக் குறியீடு இடுவதே அறத்திற்கு உகந்தது. வெளியிட இயலும் பகுதியை ஐரோப்பாவின் செர்ன் நிறுவனம் 2013 முதல் நடத்திவரும் செனோடோ போன்ற களஞ்சியத்தில் இட்டால் அதற்கு நிலையான அடையாள எண் கிடைக்கும். முழு உரையை வெளியிட இயலாதபோது முகவரிப் பட்டியல், பெற்ற நேரம், சரிபார்ப்புக் குறி, நிரல் ஆகியவற்றையேனும் வெளியிடலாம்.

முடிவுரை

நிரல்வழித் திரட்டிய தரவின் நம்பகத்தன்மை, அட்டவணையின் ஓர் எண்ணிலிருந்து மூலப் பக்கத்திற்குத் திரும்ப முடிகிறதா என்பதைப் பொறுத்தது. அதற்குப் பக்கத்தைப் பைட் மாறாமல் முதலில் சேமித்தலும், பெற்ற முகவரி, நேரம், நிலை எண் ஆகியவற்றை உடன் வைத்தலும், பிரித்தெடுத்தலையும் திருத்தத்தையும் தனி அடுக்குகளாகக் கொள்ளுதலும் தேவையாகின்றன. பழைய குறியேற்றங்களில் அமைந்த தமிழ்ப் பக்கங்களுக்கு இது மேலும் இன்றியமையாதது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இனியும் மேம்படக்கூடும். மூல பைட்டுகள் இருந்தால் மட்டுமே அம்மேம்பாட்டால் பயனுண்டு.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வினாநிரலையும் கள ஆய்வுப் பட்டியலையும் சேர்க்கும் வழக்கம் தமிழ்த் துறைகளில் நிலைபெற்றுள்ளது. இணையத் தரவைக் கையாளும் ஆய்வேடுகளில் திரட்டிய காலம், நிரலின் பதிப்பு, கோப்பு வடிவம், மேற்கொண்ட இயல்பாக்கம், மூலப்படி இருக்கும் இடம் ஆகியவற்றைக் கூறும் ஒரு பக்கத் தரவுக் குறிப்பையும் அவ்வழக்கத்தோடு இணைக்கலாம். நெறியாளர்களும் துறைகளும் இதனை வலியுறுத்தினால், இன்றைய ஆய்வாளரின் முடிவை நாளைய ஆய்வாளர் அதே தரவைக் கொண்டு ஏற்கவோ மறுக்கவோ முடியும்.